மோரிஸ் மைனரின் கை பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட் எங்கள் ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடு, இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீடுகளை விட்டு மக்கள் வெளியேறிவிட்டார்கள். ஆனால் தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிய கார் ஒன்று இன்னும் பல வீடுகளின் பின்புறத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அதைத் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்ற ஆசையோடு பேரப்பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். இஞ்சினைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள். கை பிரேக்கைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் கடைசியில், காரில் ஏறி அமர்ந்த பிறகு கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காரைப் பற்றிய பதில்கள் இவை?

மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான கார். அதே ஆண்டு ஜூன் மாதம் எங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960இல் முடிந்தது. எங்களிடம் இருப்பதும் 1960ஆம் ஆண்டு வண்டிதான். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் வாங்கி, ஓய்வு பெற்றபோது என் தந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தந்தை தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்தவர்.

இந்தக் கார் 1971 வரை உற்பத்தியில் இருந்தது. இஞ்சின் 918, 803, 948, 1098 சிசி என்று மாறிக்கொண்டே வந்தது. 1098 சிசி வந்தபோது முன் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருத்தது. பின் டிரம் 7 அங்குலமாகவே நின்றது. கை பிரேக் வேலை செய்வது பின் சக்கரங்களில் என்பதால், உங்கள் வண்டி எந்த ஆண்டினுடையதாக இருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

லீவரை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் லீவர் இருக்கிறது. அதன் அடியிலிருந்து இரண்டு கேபிள்கள் கிளம்புகின்றன. இடப்புறச் சக்கரத்துக்கு ஒன்று, வலப்புறச் சக்கரத்துக்கு ஒன்று. இரண்டின் இழுவையையும் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு எதுவும் இடையில் கிடையாது. லீவர் அருகே கேபிள் முனைகளில் உள்ள நட்டுகளை நாம் எப்படி வைக்கிறோமோ அப்படித்தான் இரு பக்கமும் இழுக்கும்.

கேபிளின் மறுமுனை, டிரம்மின் பின்புறத்தை மூடியிருக்கும் தகடான பின்தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கைபோன்ற லீவரில் மாட்டியிருக்கும். அந்தச் சிறிய லீவர் வீல் சிலிண்டருக்குள் (பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் இயங்கும் சிறிய உருளை) நுழைந்து பிஸ்டனின் வெளிப்பாதியைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஒரு பிரேக் ஷூவை, அதாவது டிரம்மின் உட்புறத்தில் அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த துண்டைத் தள்ளுகிறது. அப்படியானால் இரண்டாவது ஷூவைத் தள்ளுவது எது? சிலிண்டரேதான். மைனரின் பின் சிலிண்டர் இறுக்கமாகத் திருகப்பட்டது அல்ல. பின்தட்டில் உள்ள நீள்துளையில் வழுக்கி நகரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும்போது, அதன் எதிர்விசையில் சிலிண்டரின் உடல் பின்னால் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். ஒரு பிஸ்டனால் இரண்டு வேலை.

பின் சக்கரத்தில் ஒரு ஷூ, வண்டி முன்னே உருள முயலும்போது டிரம்மோடு சேர்ந்து தானே இறுகும். மற்றது வண்டி பின்னே உருள முயலும்போது இறுகும். ஏற்றத்தில் நிறுத்தினாலும் இறக்கத்தில் நிறுத்தினாலும் கை பிரேக் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். சிலிண்டர் துருப்பிடித்து நகராமல் போனால் ஒரு ஷூ சும்மா இருக்கும். அப்போது வண்டி ஒரு திசையில் ஓரளவு நிற்கும், மறுதிசையில் நழுவும். இந்த அறிகுறியை நினைவில் வையுங்கள்.

லீவர் கூரையைத் தொடும் அளவுக்கு மேலே வருகிறது, கார் நிற்கவில்லை. கேபிளை முறுக்கினால் போதாதா?

போதாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் காரும் இப்படித்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கைப் பொமேன் என்று அழைப்பார்கள். ஒரு பொமேனிடம் விட்டோம். பத்தே நிமிடத்தில் லீவரடி நட்டுகளை முறுக்கிக் கொடுத்தார். லீவர் தன் பல்வரிசையின் மூன்றாவது பல்லிலேயே கல்லாக நின்றது. தந்தை அப்போது கண் பார்வை குறைந்து வேலையை விட்டிருந்தார். நானும் விவரம் அறியாமல் மகிழ்ந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. கோயிலுக்குப் பக்கத்துச் சரிவில், கியரில் போடாமல், கை பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து, பூசை நடந்துகொண்டிருக்கும்போது கார் தானே பின்னால் உருண்டு, மழைநீர்க் கால்வாயில் ஒரு சக்கரம் இறங்கிச் சாய்ந்து நின்றது. என் தங்கையின் மகள், ஆறு வயதுப் பிள்ளை, அதே இடத்தில் உட்கார்ந்து கச்சான் கொறித்துவிட்டு அப்போதுதான் எழுந்து போயிருந்தாள்.

பிரித்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. இடப்புறச் சக்கரத்தில் அச்சு எண்ணெய் கசிந்து, ஷூவின் மேல் உராய்வதற்காகப் பதித்திருக்கும் லைனிங் முழுவதும் ஊறியிருந்தது. அது துளியும் பிடிக்கவில்லை. வலப்புறச் சிலிண்டர் இறுகிக் கிடந்தது. முக்கால் டன்னுக்கு மேற்பட்ட வண்டியின் பாரம் முழுவதையும் ஒரே ஒரு ஷூவும், உறைக்குள் பாதி இழைகள் துருவாகிப் போயிருந்த ஒரே ஒரு கேபிளும் தாங்கிக்கொண்டிருந்தன. முறுக்கிய முறுக்கில் மீதி இழைகளும் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன.

லீவர் உயர வருவது நோய் அல்ல, அறிகுறி. லைனிங் தேய்ந்திருக்கலாம், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம், சிலிண்டர் நகராமல் இருக்கலாம். கேபிளை முறுக்கினால் இவற்றில் எதுவும் குணமாகாது. அறிகுறி மட்டும் மறைந்துபோகும். வேலை சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். லீவரடி நட்டு கடைசி.

வேலையைத் தொடங்குமுன் காரை எப்படி நிறுத்துவது?

சமதளத்தில். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு இந்தக் காரைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. கை பிரேக்கும் பின் சக்கரத்தில், கியரின் பிடியும் பின் சக்கரத்தில்; இரண்டும் அந்தரத்தில் இருக்கும். முன்சக்கர இழுவைக் கார்களில் பழகிய இளைஞர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியபின் அச்சுக் குழாய்க்கு அடியில் இருபுறமும் இரும்பு ஸ்டேண்டுகளை வைத்து, அதன்மேல் இறக்குங்கள். செங்கல், சிமெண்டுக் கல் வேண்டாம்; அவை சொல்லாமல் வெடிக்கும். தோட்டத்து மண்தரை மழைக்குப் பின் இளகியிருக்கும் என்பதால் ஸ்டேண்டுக்கு அடியில் கெட்டியான பலகை போடுங்கள்.

கோளாறு எந்தச் சக்கரத்தில் என்று பிரிக்காமலே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். பின்பக்கத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்து லீவரை ஒவ்வொரு பல்லாக ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு சக்கரங்களையும் கையால், முன்னும் பின்னுமாகச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் இறுகுகிறது, எந்தப் பக்கம் கடைசிவரை சுற்றுகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு பக்கம் முன்னால் சுற்றாமல் பின்னால் மட்டும் எளிதாகச் சுற்றினால், மேலே சொன்ன நகராத சிலிண்டரைச் சந்தேகியுங்கள்.

பிறகு அடியில் படுத்து, கேபிள் முனையில் உள்ள ஸ்பிளிட் பின்னையும் குறுக்கு ஊசியையும் கழற்றி, பின்தட்டின் சிறிய லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகர்ந்து, விட்டவுடன் திரும்பி வந்தால் சக்கரத்தின் உட்புறம் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது, குறை கேபிளில். அசையவே மறுத்தால் குறை உள்ளே. இந்த ஒரு சோதனை பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

டிரம் கழலவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் கேபிள்களை நன்றாகத் தளர்த்துங்கள். அடுத்து டிரம்மின் முகத்தில் உள்ள துளைக்கு நேராக, ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் திருகு வரும்படி சுற்றி, தட்டைத் திருப்புளியால் இடமாக, அதாவது கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பி ஷூக்களை உள்ளே இழுங்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு வரப்பு உருவாகியிருக்கும். ஷூ அதில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் பல நேரம் காரணம். டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய திருகுகளையும் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். அவற்றின் தலை துருவில் மறைந்திருக்கும். அதன் பிறகும் வரவில்லை என்றால், விளிம்பைச் சுற்றி மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். வார்ப்பிரும்பு உடைந்தால் ஒட்டாது.

உள்ளே கறுப்புத் தூள் நிறைய இருக்கிறது. காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு. பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். என் தந்தையின் தலைமுறையில் வாயால் ஊதியே சுத்தம் செய்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் தூளின் மேல் தண்ணீரை நன்றாகத் தெளித்து, ஈரமாகவே துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நல்ல முகமூடி அணியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பழைய லைனிங்கை உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம்.

லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கிறது. பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

என் தந்தையும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார். மேற்பரப்பு காய்ந்து நன்றாக இருப்பதுபோலத் தெரியும். லைனிங் நுண்துளைகள் கொண்டது. பிரேக் சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிடி சமமாக இருக்காது.

ஆனால் லைனிங்கை மாற்றுவதற்கு முன், அது எந்த எண்ணெய் என்று பாருங்கள். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் அச்சுக்குள் இருந்து வந்த கியர் எண்ணெய். மெல்லியதாக, தண்ணீர்பட்டால் கரைந்து போகிறதென்றால் பிரேக் எண்ணெய். வீல் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது.

கியர் எண்ணெய் என்றால் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) எண்ணெய்ச் சீலையும் காகித கேஸ்கட்டையும் மாற்ற வேண்டும். அத்தோடு அச்சில் எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா, அச்சின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். செம்மண் பாதையில் ஓடிய வண்டிகளில் இந்தத் துளை மண்ணால் அடைந்திருக்கும். ஓடும்போது அச்சு சூடாகி, உள்ளே அழுத்தம் கூடி, வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். புதுச் சீல் போட்டும் மூன்று மாதத்தில் மறுபடி கசிந்தது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் துளையைத்தான்.

சிலிண்டர் நகரவில்லை. என்ன செய்ய வேண்டும்?

சிறிய லீவர் பின்தட்டைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் உறை உண்டு. நான் இதுவரை பார்த்த நகராத சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் அந்த உறை கிழிந்ததுதான். கிழிசல் வழியாகச் செம்மண் சேறு உள்ளே போகும். நம் ஊர் ஈரத்தில் அது காயாது. மெல்லமெல்ல நீள்துளையின் ஓரத்தில் துருவும் மண்ணும் சேர்ந்து சிமெண்டுபோல இறுகும்.

சிலிண்டரைக் கழற்றி, நீள்துளையின் விளிம்புகளையும் சிலிண்டரில் உள்ள பள்ளங்களையும் கம்பித் தூரிகையால் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். திரும்பப் பொருத்தும்போது, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மிக மெல்லிதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் உருகி லைனிங்கில் விழும். பொருத்தியபின் சிலிண்டரைக் கட்டைவிரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம்.

சிலிண்டரைப் பிரித்து உட்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். குழிகள் இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. முழுச் சிலிண்டரையும் மாற்றுங்கள். கழுவுவதற்குப் புதிய பிரேக் எண்ணெய் அல்லது மெத்திலேட்டட் ஸ்பிரிட். பெட்ரோல், மண்ணெண்ணெய், இஞ்சின் எண்ணெய் எதுவும் அந்த ரப்பரைத் தொடக்கூடாது; ரப்பர் ஊதிவிடும்.

சிலிண்டரைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். கால் பிரேக்கைப் பம்ப் செய்து காற்றை வெளியேற்றிய பிறகே மற்ற வேலை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் தட்பவெப்பத்தில் திறந்து பல மாதமாக அலமாரியில் கிடந்த டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் அளவு பார்க்கத் தரைவிரிப்பைத் தூக்க வேண்டும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை.

புது லைனிங் இங்கே கிடைக்குமா?

ஷூக்களாகவே இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். மைனருக்கு இன்றும் புதிதாகப் பாகங்கள் செய்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, பழைய ஷூவையே கொடுத்துப் புது லைனிங் ஒட்டி வாங்குவது. லோரிகளுக்கு லைனிங் மாற்றித் தரும் பட்டறைகள் ஈப்போ போன்ற பட்டணங்களில் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத லைனிங் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரிவெட் அடித்த லைனிங்காக இருந்தால், ரிவெட்டின் தலை மேற்பரப்பை நெருங்குவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது டிரம்மில் கோடு கிழிக்கும்.

கோடு விழுந்த டிரம்மைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீராக்கலாம். அப்படிச் செய்தால் டிரம்மின் வட்டம் சற்றுப் பெரிதாகும். புது லைனிங் முதலில் நடுப்பகுதியில் மட்டுமே தொடும். சில நாள் ஓட்டிப் படிந்த பிறகே முழுப்பிடி வரும். அதுவரை கை பிரேக் சுமாராக இருந்தால் பதற வேண்டாம். கேபிளையும் முறுக்க வேண்டாம்.

ஷூக்களைக் கழற்றும்போது ஒரு சக்கரத்தை முடித்துவிட்டு மறுசக்கரத்துக்குப் போங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் பதில் சொல்லும். கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிளை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?

இழைகள் அறுந்திருக்கவில்லை, உறை நசுங்கவில்லை என்றால் முடியும். கழற்றிக் கொண்டுவந்து, ஒரு முனை மேலே இருக்கும்படி கொட்டகையில் தொங்கவிடுங்கள். மேல் முனையைச் சுற்றி ஒரு சிறிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதில் மெல்லிய எண்ணெயை ஊற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கீழ்முனையில் பழுப்புநிறத் துளிகள் சொட்டியிருக்கும். உள்கம்பியை முன்னும் பின்னும் இழுத்து, துளிகள் தெளிவாகும்வரை தொடருங்கள். சைக்கிள் பிரேக் கேபிளுக்குத் தந்தை செய்த வைத்தியம் இது; கார் கேபிளுக்கும் அப்படியே பொருந்துகிறது. கேபிள் உறையில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

ஓர் இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலும் வைத்தியம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏன் என்று கோயில் திருவிழாக் கதையில் சொல்லிவிட்டேன்.

லீவர் பல்லில் நிற்காமல் நழுவுகிறது.

லீவரின் தலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கம்பி இறங்கி, பல்வரிசையில் மாட்டியிருக்கும் கொக்கியை விடுவிக்கும். அறுபது ஆண்டு தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்தால் கொக்கி முழுதாக விழாமல் பல்லின் நுனியிலேயே உட்கார்ந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, பொத்தானின் ஸ்பிரிங்கைப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழுவிய பிறகும் நழுவினால் பல் அல்லது கொக்கி மழுங்கியிருக்கிறது. அரத்தால் கூர்மையாக்க முயல்வதைவிட நல்ல நிலையில் உள்ள வேறு லீவரைத் தேடுங்கள்.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. எந்த வரிசையில் சரிசெய்வது?

முதலில் லீவரை முழுவதுமாக இறக்கி, கேபிள் நட்டுகளை நன்றாகத் தளர்த்துங்கள். பின்தட்டின் சிறிய லீவர்கள் இரண்டும் தம் ஓய்வு நிலைக்கு முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஷூவைச் சரிசெய்தால், ஏற்கெனவே கேபிள் இழுத்துப் பிடித்திருக்கும் ஷூவை வைத்து அளவெடுப்பதுபோல ஆகும். எல்லாக் கணக்கும் பொய்யாகும்.

அடுத்து, டிரம்மின் துளை வழியாக அட்ஜஸ்டர் திருகை வலமாகத் திருப்பிக்கொண்டே போங்கள், சக்கரம் கையால் சுற்ற முடியாமல் நிற்கும்வரை. பிறகு ஒரு கிளிக் மட்டும் பின்னே திருப்புங்கள். சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். கால் பிரேக்கை நான்கைந்து முறை பலமாக மிதித்து ஷூக்களை நடுவில் அமரச் செய்து, மறுபடி ஒருமுறை பாருங்கள். இரு பக்கமும் அப்படியே.

இத்தனைக்கும் பிறகுதான் கேபிள். லீவரை மூன்றாவது பல்லில் வைத்து, இரண்டு சக்கரங்களும் ஒரே அளவு எதிர்ப்புக் காட்டும்வரை இரண்டு நட்டுகளையும் சிறிது சிறிதாக, மாறிமாறித் திருகுங்கள். அடுத்த ஓரிரு பல்லில் இரண்டும் இறுகி நிற்க வேண்டும். லீவரை இறக்கியவுடன் இரண்டும் விடுபட வேண்டும். பிறகு லாக் நட்டுகளை இறுக்குங்கள்.

நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பின் சக்கரங்களின் நடுப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் உரசிக்கொண்டே ஓடுகிறது.

மழைக்காலத்தில் ஒரு மாதம் நிறுத்தி வைத்த கார் கை பிரேக்கை விட மறுக்கிறது. லீவர் இறங்குகிறது, சக்கரம் சுற்றவில்லை.

ஈரத்தில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டது, அல்லது கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பவில்லை. பலமாக ஓட்டிப் பிய்க்க வேண்டாம். லைனிங் ஷூவைவிட்டு உரிந்துவிடும். டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டி, காரை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள்.

தைப்பிங் பக்கம் மழை எங்களைவிட அதிகம். அங்கிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது: நாள்கணக்கில் நிறுத்தும்போது கை பிரேக் போடாதீர்கள். சமதளத்தில், கியரில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

உரிமை மாற்றத்துக்காகப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கை பிரேக்கைப் பார்ப்பார்களா?

பார்க்கக்கூடும். பிரேக் சோதனையும் சேர்ந்த பரிசோதனை என்றால், சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றிச் சுழலவிட்டு, கை பிரேக்கின் பிடியை அளப்பார்கள். முந்தின நாள் கேபிளை முறுக்கிக்கொண்டு போனால் உருளை ஏமாறாது. ஒவ்வொரு சக்கரத்தின் பிடியும் தனித்தனியே தெரிந்துவிடும். தாத்தா பெயரிலிருந்து பேரன் பெயருக்கு மாற்றும் குடும்பங்கள் பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பே பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. லைனிங் படிவதற்கும் அவகாசம் கிடைக்கும்.

எங்களிடம் மைனர் இல்லை, மினி இருக்கிறது. வோக்ஸ்வேகன் வண்டு (பீட்டில்) கார் இருக்கிறது.

வண்டுக் காரிலும் லீவருக்கு இரண்டு கேபிள்கள். நட்டுகள் லீவர் அடியில் இருக்கும். முதலில் ஷூ, பிறகு கேபிள் என்ற வரிசை மாறாது. மினியில் கேபிள் திசை மாறும் இடத்தில், பின் சக்கரக் கைகளுக்கு அருகே, அசைந்து கொடுக்கும் சிறிய இரும்புத் துண்டுகள் உண்டு. அவை துருவில் இறுகிவிடும். மினியின் கை பிரேக் குறை என்றால் நான் முதலில் படுத்துப் பார்ப்பது அவற்றைத்தான்.

புதுக் கேபிள் போட்டபின் எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?

ஒரு மாதத்துக்குள். புதுக் கேபிளின் உறை தன் இடத்தில் அமர்ந்து, கம்பி சற்று நீளும். புது லைனிங்கும் படிந்திருக்கும். அப்போது ஷூவை முதலில், கேபிளைப் பிறகு, ஒருமுறை சரிசெய்தால் நீண்ட நாள் தொட வேண்டியிருக்காது. அதற்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை பின்தட்டின் ரப்பர் உறைகளை விளக்கடித்துப் பாருங்கள். எங்கள் காரில் இந்த வேலையைத் தீபாவளிக்கு முந்தின வாரம் செய்கிறோம். அடியில் விளக்குப் பிடிப்பவள் என் தங்கையின் மகள்.